ஏழு மணிப் பச்சை விளக்கு

அன்புள்ள மகன் உருளைக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதினால் முதல் வரியிலேயே பொய்யாகிவிடும், அதனால் பாதி சுகம் என்று வைத்துக்கொள். அந்தப் பாதி நான். மீதிப் பாதி இடுப்பில் தகடு வைத்துக்கொண்டு கட்டிலில் படுத்திருக்கிறது. போனில் சொல்லாமல் இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். போனில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறாய், மெசேஜ் அனுப்பினால் கட்டைவிரலை அனுப்புகிறாய். அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நான் அனுப்பியதற்கும் இரண்டு நாள் கழித்து ஒரு கட்டைவிரல் வந்தது, மஞ்சளாக, நல்ல சதைப்பிடிப்போடு இருந்தது, ஆள் நன்றாகத்தான் சாப்பிடுகிறான் என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். கடிதத்துக்குக் கட்டைவிரல் அனுப்ப வழியில்லை, அதனால்தான் இது.

விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை வந்தபோது அம்மாவின் அறையில் அலமாரிக்கு மேலே ஒரு கேமராவை மாட்டினாயே, உனக்கு ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்களுக்கு இருக்கிறது. சும்மா இருக்கும்போது சிவப்பு எரியும், யாராவது பார்க்கும்போது பச்சை எரியும் என்று காட்டிக்கொடுத்து, "பச்சை எரிஞ்சா நான் பாக்கறேன்னு அர்த்தம்மா, தினம் உங்க சாயங்காலம் ஏழு மணிக்கு, என் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல பாப்பேன்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். அன்றிலிருந்து உன் அம்மா அந்த மூட்டுவலியோடு ஆறே முக்காலுக்கே வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய் முகம் கழுவி, தலை வாரி, நல்ல துணி மாற்றி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள், எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவள் இவ்வளவு சீக்கிரம் தயாரானதில்லை. முதல் மாதம் தினமும் பச்சை எரிந்தது. அப்புறம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை. அப்புறம் சிவப்புதான். ஏழரை வரை பார்த்திருந்துவிட்டு, இன்றைக்கு அவனுக்கு வேலை அதிகம் போல என்று அவளே எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் பழைய துணிக்கு மாறிக்கொள்வாள்.

உன்னிடம் கேட்டேன். நீ பொறுமையாகத்தான் விளக்கினாய், அதைக் குறை சொல்ல மாட்டேன். கரண்ட் போய் வந்தால் நம் வீட்டு இன்டர்நெட்டின் முகவரி மாறிவிடுமாம், எத்தனை தடவை மாறினாலும் வெளியிலிருந்து ஒரே பெயரைப் போட்டுக் கூப்பிட வசதியாக ஒரு கம்பெனி அந்த முகவரியைப் பிடித்து வைத்திருக்குமாம், டைனமிக் டிஎன்எஸ் என்று அதற்குப் பெயராம், நீ வைத்திருந்த கம்பெனி இலவசத்தை நிறுத்திவிட்டதாம், வேறு இலவசம் தேட வேண்டுமாம், பாக்கறேன்பா என்றாய். அந்தப் 'பாக்கறேன்பா' ஐந்து மாதம் ஓடியது. சரி, பிள்ளைக்கு நேரமில்லை, நாமே தேடுவோம் என்று பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்ட இந்த மேதை கிளம்பினேன். நம் தெருமுனையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாரே, தடித்த கண்ணாடிக்காரர், சோடாபுட்டி, அவர் கடையில் மூன்று நாள் ஸ்டூலில் உட்கார்ந்து இலவசம் எது என்று தேடினோம். ஒன்று இலவசம் என்று எழுதி உள்ளே போனதும் கார்டு நம்பர் கேட்டது. இன்னொன்று நம் ரவுட்டரின் பட்டியலிலேயே இல்லை. இன்னொன்றில் நான் மனுஷன்தான் என்று நிரூபிக்கச் சொல்லி ஒன்பது படத்தில் சைக்கிள் எங்கே இருக்கிறது என்று கேட்டது, நான் இரண்டு தடவை தோற்றேன், சோடாபுட்டி விழுந்து விழுந்து சிரித்து, "உங்க மேல எனக்கே ரொம்ப நாளா சந்தேகம்தாண்ணே" என்றார். கடைசியில் ஒன்று கிடைத்தது. பெயர் கேட்டது. என் பெயரைப் போட்டேன், யாரோ எடுத்துவிட்டார்கள். அம்மா பெயரும் போய்விட்டது. நீ குழந்தையில் தவழத் தெரியாமல் உருண்டுகொண்டே போவாய் என்று உனக்கு வைத்த பெயரைப் போட்டுப் பார்த்தேன். அது காலியாக இருந்தது, உலகத்தில் வேறு யாருக்கும் தேவைப்படவில்லை.

அந்தக் கம்பெனியில் ஒரே ஒரு நிபந்தனை. முப்பது நாளைக்கு ஒரு தடவை ஒரு மெயில் அனுப்பும், நீ இன்னும் இருக்கிறாயா, இந்தப் பெயர் உனக்கு வேண்டுமா என்று. ஆமாம் என்று ஒரு அழுத்து அழுத்த வேண்டும், அழுத்தாவிட்டால் பெயரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சோடாபுட்டி இதைத் தொல்லை என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, முன்பின் தெரியாத ஒரு கம்பெனி மாதம் தவறாமல் இருக்கிறாயா என்று கேட்கிறது, இலவசமாக. உனக்குப் புதுப் பெயரையும் நீ வைத்த பாஸ்வேர்டையும் அனுப்பினேன், கட்டைவிரல் வந்தது, விளக்கு சிவப்பாகவே இருந்தது. ஒருவேளை நான்தான் எங்காவது சொதப்பியிருப்பேன் என்று சோடாபுட்டியை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவர் கேமராவின் உள்ளே போய், வெளியிலிருந்து பார்த்தவர்கள் எந்தத் தேதியில் பார்த்தார்கள் என்கிற பக்கத்தைத் திறந்தார். பழைய கம்பெனி இலவசத்தை நிறுத்தியது ஆறாம் மாதம். நீ கடைசியாகப் பார்த்தது மூன்றாம் மாதம் இரண்டாம் தேதி, ஒரு நிமிஷம் பதினொரு விநாடி. சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார், அதில் துடைக்க ஒன்றும் இல்லை. இதை நான் கோபத்தில் எழுதவில்லையடா, தேதியை எழுதுகிறேன்.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். நான் வேலை பார்க்கிற கார் நிறுத்துமிடத்தில் காலை ஷிப்டிலிருந்து சாயங்கால ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டு வாங்கினேன். வீட்டில் உட்கார்ந்து போனை நோண்டினால் உன் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். நான் பார்க்கிங் சீட்டு கிழிக்கிற கூண்டு இருப்பது தரைக்குக் கீழே, அங்கே சிக்னல் வராது, அதனால் ஏழு மணி ஆனதும் சீட்டுக் கட்டைப் பக்கத்துக் கூண்டு மீசைக்காரரிடம் கொடுத்துவிட்டு கார் ஏறுகிற சரிவில் மூச்சு வாங்க ஏறிப்போய்ச் சுவரோரமாக நின்று உருளை என்று அடித்து வீட்டைத் திறப்பேன். பச்சை எரியும். உன் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து சிரிப்பாள். அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து முப்பது வருஷம் இருக்கும், அந்தச் சிரிப்பை இப்போது உன் பெயரில் போய்த் திருடிக்கொண்டிருந்தேன். உன்னிடம் நிறையப் பேசுவாள், பாதி என்னைப் பற்றிய புகார்தான், குறட்டை விடுகிறேனாம், குழாயைச் சரியாக மூடுவதில்லையாம், நான் அங்கே நின்று தலையாட்டிக்கொண்டிருப்பேன். முதல் முப்பதாம் நாள் மெயிலை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டேன், இரண்டு நாள் விளக்கு எரியவில்லை, அந்த இரண்டு நாளும் அவள் சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டாள். நல்லவேளை, அந்தப் பெயரை யாரும் எடுத்திருக்கவில்லை, மறுபடி பதிந்துகொண்டேன், அதற்கப்புறம் ஒரு மாதமும் நான் தவறவில்லை.

போன மாதம் பன்னிரண்டாம் தேதி சரிவில் நின்று திறந்தேன். அவள் நாற்காலியில் இல்லை, கட்டில் பக்கத்தில் வாக்கரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள், விளக்கு பச்சையாவதற்காகவே காத்திருந்திருக்கிறாள். உனக்குக் காட்ட வேண்டும் என்று பத்து நாளாக எனக்குத் தெரியாமல் பழகினாளாம். இன்றைக்கு இதை விட்டுவிட்டு நடக்கிறேன் பார் என்று சொல்லி வாக்கரை ஓரமாகத் தள்ளினாள். ஓரடி வைத்தாள். இரண்டாவது வைத்தாள். நான் மீசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று திரும்பினேன், அவ்வளவு பெருமை எனக்கு. மூன்றாவது அடியில் விழுந்தாள். அந்தச் சத்தம் போனில் சின்னதாகத்தான் கேட்டது. விழுந்த இடத்திலிருந்து முகத்தை மட்டும் திருப்பி, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி, "ஒண்ணுமில்லடா உருளை, வழுக்கிடுச்சு. பயப்படாத. அப்பாகிட்ட சொல்லிடாத, அவரு வேலையில இருக்காரு" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு வேலையில் இருந்தேன்.

மீசைக்காரர் பைக்கில் கொண்டுவந்து விட்டார். கதவைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, அவன் போன் பண்ணிட்டானா என்று. ஆமாம் என்றேன். வேறு எதைச் சொல்வது, நீ சொல். அந்த ஆமாம் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து என் பிள்ளை பார்த்து இவரைப் பத்து நிமிஷத்தில் அனுப்பி வைத்தான் என்று எலும்பு டாக்டரிடம் சொன்னாள், மயக்க ஊசி போடுகிறவரிடம் சொன்னாள், நர்ஸ் என்னிடம் வந்து இப்படி ஒரு மகன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார், நானும் ஆமாம் என்று பெருமையாக மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். உனக்கு இங்கே நல்ல பெயர், வந்தால் மாலை போடாத குறைதான். அந்தப் பச்சை எரியாமல் இருந்திருந்தால் அவள் வாக்கரை விட்டிருக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும், அந்தக் கணக்கை உன் தலையில் கட்ட மாட்டேன், அது என் கை அழுத்தியது. நீ ஏன் அவளை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்று கேட்டாள். நீ விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டானே, பேசினால் அழுதுவிடுவான் என்று சொல்லி வைத்தேன். பாவம், அப்படியென்றால் கூப்பிடவே வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றாள். ஆக உனக்கு அந்த வேலையும் இல்லை.

இப்போது நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஏழு மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறேன். தினமும் சரியாக ஏழுக்கு இந்த மனுஷனுக்கு வயிறு கலங்குகிறதே என்று அவள் கவலைப்பட்டு டாக்டரிடம் சொல்லிவிட்டாள், அவர் எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், அதையும் விழுங்குகிறேன், அதனால் இப்போது நிஜமாகவே கலங்குகிறது. ஆபரேஷனுக்கு அப்புறம் இரண்டாவது தடவையாகப் பெயரையும் பாஸ்வேர்டையும் உனக்கு அனுப்பினேன் இல்லையா. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு நான் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன், போன் சமையலறையில் இருந்தது, பச்சை எரிந்தது. அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். உனக்கு அப்போது காலை ஏழு மணி, எழுந்தவுடன் பல்கூடத் தேய்க்காமல் பார்க்கிறான் என்று விளக்கையே பார்த்திருந்ததில் ஒரு கரண்டிக் கஞ்சி அவள் கழுத்தில் கொட்டியது. நான் பொய் சொல்லாமல் எரிந்த விளக்கு. அந்தச் சாயங்காலம் நான் கழிவறைக்குப் போகவில்லை, நீ பார்ப்பாய் என்று காத்திருந்தேன், இரண்டு பேரும் சிவப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மறுநாள் சோடாபுட்டி, நேற்று மத்தியானம் கடையிலிருந்து சும்மா திறந்து பார்த்தேன், எல்லாம் நன்றாக வேலை செய்கிறது அண்ணே என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னை வா என்று கூப்பிடவில்லை. லீவு கிடைக்காது, டிக்கெட் கிடைக்காது, நீ சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு காரியம் செய்திருக்கிறேன், அந்த முப்பது நாள் மெயில் இனிமேல் என் போனுக்கு வராது, கம்பெனியில் உன் மெயிலை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அடுத்தது வருகிற பத்தொன்பதாம் தேதி வரும். கடிதம் போய்ச் சேருகிற நாளைப் பார்த்துத்தான் இதை இன்றைக்கே தபாலில் போடுகிறேன். இருக்கிறாயா என்று உன்னைக் கேட்கும். இருந்தால் அழுத்து. அழுத்தாவிட்டால் உன் பெயர் வேறு யாருக்காவது போகும், கேமரா கெட்டுப்போய்விட்டது என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு அதைக் கழற்றிவிடுவேன். உன்னைப் பற்றி இதுவரை அவளிடம் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை, அப்போதும் சொல்ல மாட்டேன். பாஸ்வேர்டு நீ வைத்ததுதான், உன் பிறந்த தேதி, அதுவும் மறந்திருந்தால் கேள், எங்களுக்குத் தெரியும்.

நீயும் மருமகளும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள், நன்றாக இருங்கள், நூறு வருஷம் இருங்கள். உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து அது நீ எங்களைப் பார்ப்பதைவிட அடிக்கடி உன்னைப் பார்க்கட்டும், அதுதான் என் ஆசீர்வாதம். பத்தொன்பதாம் தேதியை மறக்காதே.

இப்படிக்கு,
ஆறு மாதமாக நீயாக இருந்த
உன் அப்பா

பி.கு: பக்கம் பக்கமாக அவனுக்கு என்ன எழுதுகிறீர்கள் என்று அம்மா கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உனக்கு நன்றி எழுதுவதாகச் சொன்னேன். தன் பங்குக்கு இதையும் சேர்க்கச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "மத்தியானத்துலயும் பாக்க ஆரம்பிச்சிட்டான், தூக்கம் கெட்டுடும், வேலையும் கெட்டுடும். எனக்கு ஏழு மணிக்கு ஒரு நிமிஷம் பாத்தாலே போதும்னு எழுதுங்க."