பால்வாடிக்கு வந்த போலீஸ்

17-2-1976, செவ்வாய், இரவு

பால்வாடிக் குழந்தைகளுக்கு இந்த வாரம் நமக்கு உதவி செய்கிறவர்களைப் பற்றிய பாடம். நேற்று தபால்காரரை வரவழைத்தேன். இன்று கான்ஸ்டபிளை அழைத்தது என் புத்திதான். அவர் தொப்பியைக் கழற்றி ஒவ்வொரு தலையிலும் வைத்து விளையாட்டுக் காட்டினார். தறிக்காரர் மகள் மல்லிகாவுக்கு நாலு வயது. தொப்பியோடு நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"எங்கப்பா பரண் மேல ஒளிஞ்சிக்கினு இருக்காரு மாமா. நீ புடிச்சிக்கினு போவியா?"

எமர்ஜென்சி வந்து, கட்சிக்காரர்களை வீடு புகுந்து பிடிக்கிற நேரம் இது. அவள் அப்பாவும் கட்சிக்காரர்.

"வீட்ல கண்ணாமூச்சி ஆடுவாங்க சார்" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால், "உன் வீடு எங்க கண்ணு?" என்று அவளைக் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் நான் அவசரமாக மணியடித்தேன்.

அவர் போனதும் மல்லிகாவைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டு அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்பா பரணிலிருந்து இறங்கினார். "தென்னேரில மச்சான் வீட்ல இருக்கேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கொல்லைப்புறமாகப் போனார்.

"நாளைக்கு இவள அனுப்பட்டுமா டீச்சர்?"

"அனுப்பும்மா. வரலைன்னாதான் சந்தேகப்படுவாங்க."

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவர் தென்னேரி என்று சொன்னபோது மல்லிகா அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நாளை கான்ஸ்டபிள் மறுபடி வந்து, அப்பா எங்கே என்று கேட்டால் என்ன செய்வேன்? பெரியவர்கள் கேட்டால் பளிச்சென்று பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியவளே நான்தான்.