ரீடெய்னர் டப்பாவின் அடியில்

அன்புள்ள லூர்து அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். அம்மா தூங்கிவிட்டாள். உன் பல்லுக்குச் செய்த புது ரீடெய்னர் டப்பாவில், பஞ்சுக்கு அடியில் இதை மடித்து வைக்கிறேன். வெள்ளிக்கிழமை பாரிசுக்குக் கிளம்பும் பக்கத்து வீட்டு நிர்மலா அக்கா, சனிக்கிழமை உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாமா பக்கத்தில் இருந்தால் டப்பாவைத் திறக்காதே.

எனக்குப் பல்லில் கிளிப் போட்டு ஐந்து மாதம் ஆகிறது. நீ சொன்னபடியே எல்லாம் நடந்தது. முதல் நான்கு நாள் கஞ்சிதான். கம்பி கன்னத்தில் குத்திப் புண்ணானது. மெழுகு உருட்டி ஒட்டிக்கொண்டேன். மாதாமாதம் இறுக்கும்போது இரண்டு நாள் தலைவரை வலிக்கிறது. அப்பா வாங்கிவரும் வறுத்த மல்லாட்டையில் ஒரு பருப்பைக்கூடக் கடிக்க முடியாது. "பழகிடும்டி" என்றாய். பழகிவிட்டது.

அதையே அம்மா உன்னிடம் போனில் சொன்னதும் என் காதில் விழுந்தது. ஈஸ்டருக்கு மறுநாள், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "பழகிடும்டி, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றாள். உனக்குக் கிளிப் கழற்றி மூன்று வருஷம் ஆகிறதே அக்கா. இன்னும் எதற்குப் பழக வேண்டும்?

போன மாதம் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனபோது, அம்மா போனில் உன் வாயின் படத்தைக் காட்டினாள். "ரீடெய்னர் கீழ விழுந்து உடைஞ்சிடுச்சாம், பழைய அச்ச வெச்சு ஒண்ணு செஞ்சு குடுங்க" என்றாள். டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"முன்பல்லும் உடைஞ்சிருக்கே. கீழ விழுந்தது ரீடெய்னரா, பொண்ணாம்மா?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டா டாக்டர்."

"உதடு உள்பக்கமும் கிழிஞ்சிருக்கு. மொதல்ல அங்க யார்கிட்டயாவது காட்டச் சொல்லுங்க. பல்ல சரி பண்ணாம இது பொருந்தாது."

நான் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தேன். திரும்பி வரும்போது அம்மா வண்டியை ஓரமாக நிறுத்தி, அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்றாள். ரீடெய்னரை மட்டும் செய்து வாங்கிவிட்டாள்.

போன வாரம் உன் மாமியார் வீடியோவில் வந்தார். என்னை வாயைக் காட்டச் சொன்னார், காட்டினேன். "நல்லா வரிசையா வந்துடுச்சே. பதினெட்டு ஆகட்டும், நம்ம ஜெஸ்டினுக்கே முடிச்சிடலாம்" என்றார். மாமாவின் தம்பிக்கு. அம்மா சிரித்தாள். டாக்டர் கொடுத்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். கிளிப் கழற்றும் மாதமும் எனக்குப் பதினெட்டு முடியும் மாதமும் ஒன்று. அன்றிலிருந்து கம்பியை இறுக்கும்போதெல்லாம் இன்னும் எத்தனை தடவை என்றுதான் எண்ணுகிறேன்.

நீ இப்போது வாயைக் கையால் மறைத்தபடிதான் பேசுகிறாய். அப்பாவுக்கு ஞாயிறு ஷிப்ட் என்று தெரிந்துதான் அம்மா அன்றைக்கு உனக்கு வீடியோ போன் செய்கிறாள். இந்த ஞாயிறு அப்பா வேலைக்குப் போக மாட்டார். பல்வலி தாங்கவில்லை, கூடவே இருங்கள் என்று பொய் சொல்லி லீவு போட வைத்திருக்கிறேன். என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

நீ எதுவும் சொல்ல வேண்டாம். மாமா அறையில் இருந்தாலும் பரவாயில்லை. கையை மட்டும் எடு அக்கா. அப்பா பார்க்கட்டும்.

அதுவரை மாதா உன்னைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளட்டும். இதைப் படித்ததும் கிழித்துத் தண்ணீரில் போட்டுவிடு.

உன் தங்கை,
மெரின்