‘சென்சிட்டிவ்’ என்று எழுதிய ரிப்போர்ட்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து தூறல். ஓசூரில் ஸ்வெட்டர் போடும் ஜூன். லேபுக்கு வந்தவை: யூரின் நான்கு, சளி ஒன்று, சீழ் ஒன்று. சீழ், முனிரத்தினம், வயது 41, காவேரிப்பட்டினத்துக்காரர். கம்பெனி பிரஸ் மெஷினில் வலது கட்டைவிரல் நசுங்கியது. போட்ட ஊசி எதற்கும் வீக்கம் இறங்கவில்லையாம்.
வாங்க வேண்டியது: குடை, துவரம் பருப்பு.

ஜூன் 10, செவ்வாய்
சீழ் தட்டு முழுக்கப் பச்சை. சூடோமோனாஸ் கிருமி. நிறத்திலேயே சொல்லிவிடுவேன், பதினாறு வருட அனுபவம். கிருமியைப் புதுத் தட்டில் பூசி, மேலே ஆறு மருந்து வில்லைகள். எதைச் சுற்றிக் கிருமி வளராமல் பெரிய வட்டம் விழுகிறதோ, அந்த மருந்து.
சர்ஜன் போனில்: “ஸ்டெல்லா, நாளைக்குள்ள சொல்லிடும்மா. இல்லன்னா விரலையே எடுக்க வேண்டி வரும்.”
காலையிலேயே தருகிறேன் என்றேன். தருவேன்.

ஜூன் 11, புதன்
ஐந்து மருந்துக்கு வட்டமே இல்லை: R, ரெசிஸ்டன்ட். செஃப்டாசிடைம் ஒன்றுதான் S, சென்சிட்டிவ். நல்ல வட்டம், ஸ்கேல் வைத்து இரண்டு முறை அளந்தேன். பத்தரைக்கு ரிப்போர்ட் வார்டில். நான் கெட்டிக்காரிதான். இங்கே எழுதிக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்?
மறுபடி குடையை மறந்தேன்.

ஜூன் 12, வியாழன்
மருந்து போடவே இல்லை! நேற்று மதியம், ராத்திரி, இரண்டு வேளை போச்சு. வார்டு சிஸ்டர் கலா: “அவங்க வீட்டம்மா விடல. டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தாரு.”
கோபத்தோடு மாடி ஏறினேன். அவர் மனைவி ரத்னம்மா கையில் என் ரிப்போர்ட்.
“பாருங்க மேடம், சென்சிட்டிவ்னு போட்டிருக்குது. கம்பெனி டாக்டரும் முன்னாடி மெஷின் ஆயிலுக்கு சென்சிட்டிவ்னுதான் எழுதினாரு. அது பட்டாலே கையெல்லாம் கொப்புளம். மறுபடி எப்படிங்க போட வுடுவேன்?”
போனில் தட்டின் படத்தைக் காட்டினேன். “சென்சிட்டிவ் அவருக்கு இல்லம்மா, கிருமிக்கு. இந்த மருந்து பட்டா கிருமி சாவும்.”
வட்டத்தையே பார்த்தார். “அப்ப இந்த மருந்துக்குக் கேக்கும்னு சொல்றீங்க.”
“ஆமா.”
“அப்படியே எழுதியிருக்கலாம்லங்க?”
11.40க்கு ஊசி போட்டார்கள்.

ஜூன் 13, வெள்ளி
ரிப்போர்ட்டில் தமிழிலும் அச்சடிக்கலாமா என்று கேட்டேன். மேனேஜர்: “ஃபார்மட்டெல்லாம் மாத்த முடியாது, ஸ்டெல்லா.” சரி சார். பேனா என்னுடையது. இன்றைய மூன்று ரிப்போர்ட்டிலும் S பக்கத்தில் ‘கேட்கும்’, R பக்கத்தில் ‘கேட்காது’. கையெழுத்து நன்றாகவே இருக்கிறது.
முனிரத்தினத்துக்குக் காய்ச்சல் விட்டது. வீக்கம் பாதி. நிம்மதி.

ஜூன் 14, சனி
வெயில். கட்டுப் பிரிக்கும்போது போய் நின்றேன், அங்கே எனக்கு வேலையே இல்லை. விரல் தப்பித்தது. கறுத்த நுனியை மட்டும், நகத்தோடு, எடுத்துவிட்டார்கள்.
ரத்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “வெரலக் காப்பாத்திட்டீங்க மேடம்.”
வெளியே வந்த சர்ஜனிடம் கேட்டேன், புதன்கிழமையே போட்டிருந்தால் நுனியும் தப்பித்திருக்குமா என்று.
“இருக்கலாம்” என்றார்.