கப்பல் ரோட்டு மட்டும் போய்ச் சேர்ந்தது

அன்புள்ள டெனிஸ் அங்கிள்,

"அங்கிள்" என்றதும் வழமைபோல, "நான் உனக்கு எந்த வழியில் சொந்தம்?" என்று கேட்பீர்கள். நாம் இரண்டு பேரும் ஊர்விட்டு வந்து சேர்ந்த இந்த அஜின்கோர்ட்டில், உங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் ஆறு வருடம் குடியிருந்தவனுக்கு வேறு என்ன முறை சொல்ல வரும்? நீங்கள் காலமாகி மூன்று மாதமாகிறது. உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. நல்ல செய்தி இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அயர்லாந்திலிருந்து நோரா ரெலிபோன் எடுத்தா. உங்கள் அண்ணன் மகள், எங்கள் முறையில் பெறாமகள். உங்கள் ஊரின் பழைய பாதைகளை வரைபடமாகக் கீறுகிறார்களாம். வேலிகளை இடித்துக் காணிகளை ஒன்றாக்கியதில் பாதிப் பாதைகளைக் காணவில்லையாம். பெயர்கள் தெரிந்த கடைசி ஆள் நீங்கள்தான். "சித்தப்பா எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லி எழுதுவித்தவராமே?" என்று கேட்டா.

எழுதினேன்தான். ஞாயிறு மத்தியானங்களில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி ஒவ்வொரு பாதையாக நடந்து போவீர்கள். பால் கொண்டுபோன பாதை. பிரேதம் கொண்டுபோன பாதை. பஞ்சத்தில் சனம் கஞ்சிக்காகக் கல்லுடைத்துப் போட்டு, சதுப்பு நடுவில் அப்படியே நின்றுபோன பாதை. "போரீன்" என்றால் மாடு போகிற அளவு ரோட்டு என்றீர்கள். எங்கள் ஊரில் அது ஒழுங்கை என்றேன். "ஒலுங்கை, ஒலுங்கை" என்று சொல்லிப் பார்த்தீர்கள். உங்கள் ஐரிஷ் பெயர்களை எப்படி எழுதுவதென்று உங்களுக்கே தெரியாது. நான் தமிழில் எழுதினேன். காதில் விழுந்தது அப்படியே வரும் என்று ஒரு திமிர்.

நான் எழுதிய கொப்பியைத் திறந்து ரெலிபோனில் வாசித்தேன். "பேப்பரில் வருகிற 'ப'வா, பஸ்ஸில் வருகிற 'ப'வா?" என்று நோரா கேட்டா. எங்களுக்கு இரண்டும் ஒரே பானாதானே, அங்கிள்! கானாவும் அப்படி, தானாவும் அப்படி. எந்தப் பெயர் எந்தப் பாதைக்கு என்றும் நான் குறிக்கவில்லை. கடைசியில் நோரா "பரவாயில்லை" என்றா. அந்தப் பரவாயில்லையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்பவே இங்கிலீசில எழுதுங்கோ எண்டு சொன்னனான், கேட்டியளே?" என்று மனைவி ஏசினா. 

ஒன்றே ஒன்று தப்பியது. "கடலே இல்லாத இடத்தில் ஏது கப்பல் ரோட்டு?" என்று நான் கேட்க, இருமல் வருமட்டும் சிரித்து, "எங்கள் ஐரிஷில் கப்பல் என்றால் குதிரையடா" என்றீர்களே, அது. நோராவுக்கு உடனே விளங்கிவிட்டது. மற்ற இருபத்திரண்டும் போச்சு.

"உன் ஒழுங்கைகளையும் எழுதி வை" என்றீர்கள். திரும்பிப் போகத்தானே போகிறேன், எதற்கு என்றேன். இப்போது எங்கள் ஊரில், சண்டைக்கு வந்த ஆமிக்காரர் போட்ட மண் அணை. அதற்குப் பின்னால் என்ன மிஞ்சியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இனி ஞாயிறுதோறும் கல்லறைக்கு வந்து அந்தப் பெயர்களை உரத்து வாசிப்பேன். பிழையாகத்தான் வாசிப்பேன். நீங்கள் திருத்தப்போவதில்லை என்றும் தெரியும். ஆனாலும் வருவேன்.

எந்த வழியில் சொந்தம் என்று கேட்டீர்களே,

உங்கள் பெறாமகன்,
சிவம்