பத்தாயிரம் ஆண்டுப் பிழை

14 ஆகஸ்ட் 2025, வியாழன்

துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை முடிந்து வந்த என் கணவர் அசோக் குளிக்கக்கூட இல்லை. தான் எழுதிய கட்டுரையை என் முன்னால் வைத்தார். கடைசிப் பனியுகம் எப்போது உச்சத்தில் இருந்தது, கடல் வற்றிக் கிடந்தபோது ஆதி மனிதர்கள் எப்போது ஜாவாவுக்கு நடந்தே போனார்கள், இரண்டையும் பூமியின் சுற்றுப்பாதையை வைத்தே கணக்கிட்டிருக்கிறார். நாலு வருட உழைப்பு.

"நீதானே பிரியா பிசிக்ஸ் டீச்சர். ஒரு தடவை படிச்சுப் பாரேன்."

படிக்கிறேன் என்றேன்.

23 ஆகஸ்ட்

இன்னும் படிக்கவில்லை.

30 ஆகஸ்ட், சனி

நாளை தேக்கா பக்கம் ஒரு வாசகர் வட்டத்தில் பேசுகிறார். கட்டுரை எப்படி இருக்கிறது என்று கேட்டார். முதல் பக்கத்தையே தாண்டவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "நல்லா இருக்கு" என்றேன். அந்த முகம் எப்படி மலர்ந்தது!

31 ஆகஸ்ட்

வட அரைக்கோளத்தின் குளிர்காலத்தில் பூமி சூரியனைவிட்டு மிகவும் விலகியிருந்த காலமே பனியுகத்தின் உச்சம், அது பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு என்றார் அசோக். பல்கலைக்கழக மாணவி ஒருத்தி எழுந்தாள். பெயர் ரோஷினி.

"அங்கிள், குளிர் இல்ல, கோடைதான் முக்கியம். கோடை சூடா இல்லாட்டிதான் ஐஸ் கரையாம சேரும். நீங்க சொல்ற டைம்ல கோடை ரொம்ப சூடு, ஐஸ் மெல்ட் ஆகிட்டு இருந்துச்சு. உச்சம் அதுக்கும் பத்தாயிரம் வருஷம் முன்னாடி."

மரியாதையாகத்தான் சொன்னாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அசோக் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

ரயிலில் பூன் லே வந்து இறங்கி வீட்டுக்கு நடந்தோம். லிஃப்டில்தான் கேட்டார்: "நீ படிக்கவே இல்ல, அப்படித்தானே?"

1 செப்டம்பர்

படித்தேன். பிழை மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது — ஏன் பொய் சொன்னேன்? படிக்கலைன்னு சொல்லியிருந்தா கோச்சுக்கிட்டிருப்பாரு. அவ்ளோதானே? அத்தனை பேர் முன்னாடி தனியா நின்னாரே.

7 செப்டம்பர்

மன்னிப்புக் கேட்டேன். "கணக்கு என்னோடது, தப்பும் என்னோடது. விடு லா" என்றார். திட்டியிருக்கலாம்.

16 நவம்பர், ஞாயிறு

கூடத்தில் அசோக்கின் சிரிப்பு. எத்தனை நாளாயிற்று! போனில் ரோஷினி. கோடை வெயிலை வைத்துக் கணக்கை முழுதும் மாற்றி அவளுக்கு அனுப்பியிருக்கிறார். எனக்கு இன்றுதான் தெரியும்.

"நானும் படிக்கட்டுமா?"

"வேணாம் பிரியா. அந்தப் பொண்ணு பார்த்துட்டா. இப்ப சரியா இருக்காம்."

குத்தலாகச் சொல்லவில்லை. தட்டை என் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடு, ஆறுது."

சாப்பிட்டேன்.