நாயுடு தோட்டத்து மோட்டார்

14.3.1996, வியாழன்

இன்றைக்கும் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. எங்கோ ஒரு கிணற்று மோட்டார் களவு போனதாம், விடியும் முன்பே என் வீட்டுக்காரரைக் கூட்டிப் போய்விட்டார்கள். பதினோரு மாதம் கோயமுத்தூர் ஜெயிலில் இருந்துவிட்டுப் பொங்கலுக்குத்தான் வீடு வந்தார். அதற்குள் இது மூன்றாவது தடவை. ஜட்ஜ் கொடுத்த தண்டனைக்கு ஒரு முடிவு தேதி இருந்தது. ஊர் கொடுக்கிற தண்டனைக்கு?

சாயங்காலம் திரும்பி வந்தார். "டீ வாங்கிக் குடுத்தாங்க அம்மணி" என்று சிரிக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது, இவருக்குச் சிரிப்பு.

15.3.1996

இவர் தப்புச் செய்யவில்லை என்று எழுத மாட்டேன். செய்தார். மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கை. நாயுடு தோட்டத்து மோட்டாரைக் கழற்றித் தாமிரக் கம்பியை உருவிக்கொண்டு, அப்புறம் என்ன செய்தார் தெரியுமா — வெறும் கூட்டை மறுபடி பூட்டி, நாலு போல்ட்டுக்கும் வாஷர் போட்டு முடுக்கி வைத்துவிட்டு வந்தார். தொழில் பழக்கம். இப்படி முடுக்குகிற ஆள் வெள்ளகோவிலில் ஒருத்தர்தான் என்று மறுநாளே பிடித்துவிட்டார்கள். எந்தத் திருடனாவது போல்ட் முடுக்குவானா?

திருட்டுக் கம்பி என்று தெரிந்தே வாங்கிய கடைக்காரர் இன்னும் கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எல்லாரும் வணக்கம் வைக்கிறார்கள்.

2.4.1996

ஒரு வேலையும் வரவில்லை. பட்டறையைத் திறந்தார், கூட்டினார், பூட்டினார்.

9.5.1996

நாயுடு வந்தார். சுந்தரராஜுலு நாயுடு — இவர் திருடின அதே தோட்டத்துக்காரர். வண்டியில் அதே மோட்டார். நான் கதவோரம் நின்றுகொண்டேன்.

"காயில் எரிஞ்சு போச்சு கதிரேசா. வாழை காயுது. கடையில பத்து நாள் ஆகுமுங்கறாங்க."

இவர் நிமிரவே இல்லை. "என்னைய நம்பறீங்களாங்க?"

"நம்பிக்கை கெடக்குது, உடு. நீ ஒருக்கா கழட்டிப் பாத்த மோட்டாருதான? உள்ள இருக்கறது உன்னையவிட ஆருக்குத் தெரியும்?"

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். திரும்பிப் பார்த்தால் இவரும் சிரிக்கிறார், கண்ணில் தண்ணீரோடு.

11.5.1996

ரெண்டு நாளும் சோறு பட்டறைக்கே கொண்டுபோனேன். இன்றைக்கு மோட்டார் ஓடித் தண்ணீர் கொட்டியதாம். "ஏனுங்க, போல்ட்டெல்லாம் முடுக்கிப்போட்டீங்களா?" என்று கேட்டேன். முறைத்தார்.

எனக்கு இந்த மனுசனை ரொம்பப் பிடிக்கும். எழுதி வைக்கிறேன். வாய்விட்டுச் சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வார்.

6.8.1996, செவ்வாய்

நாயுடு வீட்டார் குதிரைச் சந்தை பார்க்க அந்தியூர் புறப்பட்டார்கள். போகிற வழியில் நாயுடு மட்டும் இறங்கி வந்து, மோட்டார் ரூம் சாவியை இவர் கையில் கொடுத்தார். "நாலு நாளைக்கு வாழைக்கு நீயே தண்ணி உட்டுப்போடு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கச் சொல்கிறார் இவர். "காணாமப் போனா என்னையத்தான கேப்பாங்க?"

"கேக்கட்டுமுங்க. நம்பிக் குடுத்தா, குடுத்தவங்க கேக்கத்தான செய்வாங்க."

தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி வாசல் ஆணியில் மாட்டினேன். இவர் அதையே பார்த்துக்கொண்டு ரெண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.