ஒரு பாட்டில் தண்ணீர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், பக்கத்தில் உன் மாமியார் இருப்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. துணைக்கு ஆள் வேண்டும், உடனே புறப்பட்டு வா. வளைகாப்புக்கு முன்பே பிறந்த வீட்டுக்கு எதற்கு என்று உன் வீட்டில் கேட்பார்கள். முழங்காலையே சொல்.

போன வாரம் உங்கள் சாயப்பட்டறை போர்வெல் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தாயே. "ஒன் கிருமிக்கு இதயும் குடுத்துப் பாருக்கா, எளனி மாதிரி இருக்கும்" என்று சிரித்தாய். எங்கள் ஆய்வகத்தில் அந்தக் கிருமியின் மேல்தோலில் ஒரு புரதத்தைப் பொருத்தியிருக்கிறோம். தண்ணீரில் சாய நஞ்சு இருந்தால் அது பிடித்துக்கொள்ளும். கிருமி பச்சையாக ஒளிரும், பிறகு நஞ்சைத் தின்றுவிடும்.

உன் தண்ணீரில் அது எப்படி ஒளிர்ந்தது என்று எழுத மாட்டேன். மாப்பிள்ளை நல்லவர். பட்டறையை மூடினால் அத்தனை பேரும் எங்கே போவார்கள் என்று நீயே கேட்பாய்.

கிருமியை உங்கள் போர்வெல்லில் விட அனுமதி கிடையாது. மனிதர் மாற்றிய உயிர், வெளியே போனால் என்ன ஆகுமோ என்ற பயம். சாயத்தை விடும்போது யாருக்கும் அந்தப் பயம் வரவில்லை. வேலை முடிந்ததும் கிருமிகளை அவித்துக் கொன்றோம். அதுதான் விதி.

கர்ப்பமானதிலிருந்து நீ எம்புட்டு குடித்திருப்பாய் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க முடியவில்லை.

நீ கொடுத்த தண்ணீர் இப்போது சுத்தமாகிவிட்டது. அந்த ஒரு பாட்டில் மட்டும்.

உன் வருகைக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அக்கா